கழுதையும்தான் ‘ஆம்’ சொல்கிறது

கேள்வி: நான் நூலகராக வேலை பார்க்கிறேன். எங்கள் நூலகத்தில் மாதம் ஒரு முறை கூடும் வாசிப்பு வட்டத்துக்கு 15 பேர் வருவார்கள். தத்துவம் படித்தவர் யாரும் இல்லை. அடுத்த கூட்டத்தில் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் ‘வாழ்வுக்கு ஆம் சொல்லுதல்’ பற்றி ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அவருடைய ‘ஜரதுஷ்ட்ரா’ நூலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் மூடிவைத்துவிட்டேன். சுருக்கங்களைப் படித்தால் புரிகிறது, ஆனால் எல்லாமே தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரி இருக்கிறது. அவர் சொன்னது அவ்வளவுதானா? கடினமான ஒருவரை எளிமையாகச் சொல்லப் போய்ப் பொய்யாகச் சொல்லிவிடாமல் இருக்க என்ன வழி? இன்னொரு சங்கடமும் உண்டு. வட்டத்துக்குத் தவறாமல் வரும் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் மகனைப் பறிகொடுத்தவர். எப்போதும் முன்வரிசையில் உட்காருவார். ‘நடந்ததையெல்லாம் நேசி’ என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகக் கொஞ்சம் தயங்கிக் கேட்டீர்களே, அதுதான் முதல் கேள்வி. அதற்கு வழி தெரிந்தால் மற்ற இரண்டும் அநேகமாகத் தானே அவிழ்ந்துவிடும்.

எனக்கு அந்த முன்வரிசை நாற்காலி நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் நீட்சே நடத்தினேன். வாழ்ந்த வாழ்க்கையே அப்படியே திரும்பத் திரும்ப வரும் என்ற ‘மீள்வருகை’ கருத்தை எளிமையாக்குகிறேன் பேர்வழி என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதினேன்: “திரும்பத் திரும்ப வாழ ஆசைப்படும்படி ஒவ்வொரு நாளையும் வாழ்.” எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த கணவரை ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார். “அந்த ராத்திரிகளையும் சேர்த்தா சார்?” என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “ஆமாம்மா, அதையும் சேர்த்துத்தான். அதுதான் நீட்சே” என்றேன். அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வரவில்லை.

பாடப்படி என் பதில் சரி. தேர்வில் யாராவது அப்படி எழுதினால் இன்றைக்கும் மதிப்பெண் போடுவேன். தப்பு எங்கே என்று பிடிபடத்தான் பல வருடம் ஆனது. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது இல்லை.

அவருடைய வரிகளிலேயே அதிகம் அடிபட்ட வரியை எடுத்துக்கொள்ளுங்கள். “உன்னைக் கொல்லாதது உன்னை வலுவாக்கும்.” ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள்கூட இதைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். 1888-ல் அவர் எழுதிய ஜெர்மன் வரியில் ‘உன்னை’ கிடையாது. “என்னைக் கொல்லாதது என்னை வலுவாக்கும்” என்றுதான் இருக்கிறது. அதற்கு முன்னால் ‘வாழ்க்கையின் போர்ப் பள்ளியிலிருந்து’ என்று ஒரு குறிப்பும் உண்டு. தமிழில் பார்த்தால் ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கிறது. ஆனால் ஒருவர் தன் காயத்தைப் பற்றிச் சொன்னது, அடுத்தவர் காயத்தின் மேல் எழுதிய தீர்ப்பாகிவிட்டது. நீங்கள் படித்த சுருக்கங்கள் தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரி ஒலிப்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஓர் எழுத்துதான்.

‘அமோர் ஃபாத்தி’ (சொல்லுக்குச் சொல் ‘விதியின் மேல் அன்பு’) என்ற லத்தீன் தொடரும் இப்படித்தான் உருமாறியது. (ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் சொன்னது என்று பலர் பகிர்கிறார்கள். அந்த மனிதர் தன் குறிப்புகளைக் கிரேக்கத்தில் எழுதினார். தொடர் நீட்சேயுடையது.) 1882-ல் வந்த ‘களிப்பான அறிவியல்’ (The Gay Science) நூலில், நான்காம் பகுதியின் வாசலில், புத்தாண்டு விருப்பமாக அதை எழுதுகிறார். தவிர்க்க முடியாததை அழகாகக் காண இன்னும் இன்னும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன், என்றாவது ஒரு நாள் ‘ஆம்’ சொல்பவனாக மட்டும் ஆக விரும்புகிறேன் என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். வினைச்சொற்களைக் கவனியுங்கள். ‘விரும்புகிறேன்’ என்றால் இன்னும் கைக்கு வரவில்லை. ‘கற்றுக்கொள்ள’ என்றால் இன்னும் தெரியாது. ‘என்றாவது’ என்றால் இன்று இல்லை. ‘நேசி’ என்ற கட்டளை அந்தப் பத்தியில் எங்கேயும் இல்லை.

தமிழில் இதை ‘விதியை நேசி’ என்று எழுதிவிட்டால் இரண்டாவது விபத்தும் நடக்கும். நம் காதில் ‘விதி’ என்றதும் தலையெழுத்து, போன பிறவி, யாரோ எங்கோ தீர்மானித்தது என்று வரிசையாக வந்து நிற்கும். நீட்சேயிடம் எழுதுகிற கையும் இல்லை, கணக்குப் பார்க்கிற ஆளும் இல்லை. நடந்தது நடந்துவிட்டது, அதை நடக்காததாக ஆக்க முடியாது, அவ்வளவுதான். நான் இப்போதெல்லாம் ‘நேர்ந்ததை நேசித்தல்’ என்கிறேன். ‘ஆமோதித்தல்’ என்ற சொல்லையும் ஒதுக்கிவிட்டேன். கூட்டத் தீர்மானத்தை வழிமொழிகிற வாசனை அதில் அடிக்கிறது. ஜெர்மன் சொல்லைப் பிரித்தாலும் ‘ஆம் சொல்லுதல்’தான் கிடைக்கிறது. நீங்கள் கடிதத்தில் போட்டிருக்கும் தலைப்பே போதும்.

அப்புறம், யார் அந்த ‘ஆம்’ சொல்ல ஆசைப்பட்டது என்பதைக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். வாழ்க்கை வரலாற்றை முழுக்கக் கொட்ட வேண்டாம், கூட்டம் அதிலேயே முடிந்துவிடும். நான்கு வயதில் அப்பா போனார், அடுத்த வருடம் குட்டித் தம்பி. 24 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 34 வயதில் உடம்பு முடியாமல் ராஜினாமா. தலைவலி, வாந்தி, பாதிப் பார்வை. 1879-ஆம் ஆண்டில் மட்டும் கடுமையாகப் படுத்த நாட்கள் 118 என்று எண்ணி எழுதியிருக்கிறார். லேசான நாட்களை எண்ணவில்லையாம். புத்தாண்டு விருப்பம் எழுதிய அதே 1882-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் அன்று, நட்பும் காதலும் முறிந்த நிலையில், ஓவர்பெக் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். இந்தக் கழிவைப் பொன்னாக்கும் ரசவாத வித்தையைக் கண்டுபிடிக்காவிட்டால் நான் தொலைந்தேன் என்கிறார். ஜனவரிக்கும் டிசம்பருக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காட்டினாலே போதும், ‘பாசிட்டிவ்வா இரு’ என்ற பேச்சு அறையைவிட்டு வெளியே போய்விடும்.

எதிராளியையும் அறிமுகப்படுத்துங்கள். கடினமான சிந்தனையாளர்களைப் புரியவைப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய சூட்சுமம் இதுதான்: அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன் யாருக்குப் பதில் சொன்னார் என்று காட்டுவது. 1865-ல், 21 வயதில், லைப்சிக்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் தத்துவவாதி ஷோப்பன்ஹாவரின் நூல் நீட்சேயின் கையில் கிடைக்கிறது. வாழ்க்கை துன்பத்துக்கும் சலிப்புக்கும் நடுவே ஊசல் மாதிரி ஆடுகிறது, ஆசையே இதன் வேர், விருப்பத்தை அணைப்பதுதான் விடுதலை என்பது ஷோப்பன்ஹாவரின் வாதம். இதை முதல் 15 நிமிடம் நீங்களே நம்புவது போல, முழு பலத்தோடு சொல்லுங்கள். முன்வரிசையில் இருப்பவர் தலையாட்டக்கூடும். ஆட்டட்டும். அந்த ‘இல்லை’ எவ்வளவு நியாயமானது என்று அறைக்குத் தெரிந்த பிறகுதான் நீட்சேயின் ‘ஆம்’ எவ்வளவு பைத்தியக்காரத்தனமான துணிச்சல் என்று தெரியும். எதிராளியை விட்டுவிட்டு அந்த ‘ஆம்’மை மட்டும் எடுத்துவந்தால் வாழ்த்து அட்டைதான் மிஞ்சும்.

சரி, எதைப் படிப்பது? ஜரதுஷ்ட்ரா வேண்டாம். ‘எல்லோருக்குமான, யாருக்கும் அல்லாத புத்தகம்’ என்று அதற்கு அவரே துணைத்தலைப்புப் போட்டிருக்கிறார், நீங்கள் மூன்று முறை மூடியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1882 நூலின் 341-ஆம் பத்தி போதும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஒரு பகலிலோ இரவிலோ, உன் தனிமையிலேயே கடும் தனிமையான ஒரு நேரத்தில், ஒரு பேய் பதுங்கி வந்து சொல்கிறது: இப்போது வாழ்கிற இந்த வாழ்க்கையை இன்னொரு முறையும் எண்ணற்ற முறையும் நீ வாழ வேண்டியிருக்கும். புதிதாக ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு வலியும் ஒவ்வொரு சந்தோஷமும், ஒவ்வொரு எண்ணமும் பெருமூச்சும், அதே வரிசையில். இந்தச் சிலந்தியும், மரங்களுக்கிடையே இந்த நிலவொளியும், இந்த நொடியும்கூட.

அந்தச் சிலந்தியிடம் கொஞ்சம் நில்லுங்கள். அவ்வளவு பெரிய விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது சிலந்தி எதற்கு? மாணவர்கள் அலங்காரம் என்று தாண்டிப் போவார்கள், நானும் அப்படித்தான் தாண்டினேன். ‘வாழ்க்கை’ என்று மொத்தமாகச் சொன்னால் யார் வேண்டுமானாலும் ஆம் சொல்லலாம், இல்லையும் சொல்லலாம். இரண்டுக்கும் செலவு கிடையாது. பேய் மொத்த வியாபாரம் செய்வதில்லை. இந்தச் சிலந்தி வேண்டுமா, அந்தப் பெருமூச்சு வேண்டுமா என்று சில்லறையாகக் கேட்கிறது. பதில் சொல்பவர் தன் வாழ்க்கையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. பேய் பேசி முடித்த பிறகு அந்தப் பத்தியில் வருபவை பெரும்பாலும் கேள்விகள். பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் விழுந்து அந்தப் பேயைச் சபிப்பாயா? இல்லை, “நீ கடவுள், இதைவிடத் தெய்வீகமானதை நான் கேட்டதில்லை” என்று சொல்லும்படியான ஒரு நொடியாவது உனக்கு வாய்த்திருக்கிறதா? சபிப்பதை நீட்சே குற்றமாக எழுதவில்லை. நான் கரும்பலகையில் செய்தது இந்தக் கேள்விக்குறியை முற்றுப்புள்ளியாக்கியதுதான். எளிமையாக்கும்போது பொய் நுழைகிற ஓட்டை பெரும்பாலும் அதுதான். நீளத்தைக் குறைக்கலாம், கலைச்சொற்களை விட்டுவிடலாம், வீட்டுப் பேச்சில் சொல்லலாம். கேள்வியாக இருந்ததைப் பதிலாக மாற்றினால் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், இந்த எளிமையாக்கும் சிக்கல் ஜரதுஷ்ட்ராவின் உள்ளேயே ஒரு காட்சியாக இருக்கிறது. ஒரு குள்ளன், காலமே ஒரு வட்டம் என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறான். சொன்னது கிட்டத்தட்ட ஜரதுஷ்ட்ராவின் கருத்தேதான். ஆனாலும் நூலின் நாயகனான ஜரதுஷ்ட்ராவுக்குக் கோபம் வருகிறது: இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளாதே என்கிறான். பிறகு ஜரதுஷ்ட்ராவின் விலங்குகள், கழுகும் பாம்பும், அதே கருத்தை அழகாகப் பாடுகின்றன. அவற்றையும் கடிந்துகொள்கிறான், சிரித்துக்கொண்டே: அடப் பாவிகளா, கைப்பிடியைச் சுற்றினால் பாடும் பெட்டி வாத்தியம் மாதிரி இதை அதற்குள் பாட்டாக்கிவிட்டீர்களே! எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் கரும்பலகை ஞாபகம் வரும்.

‘ஆம்’ என்பதிலும் ஒரு போலி உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜெர்மனில் ஆம் என்றால் ‘யா’. கழுதை கத்துவது ‘ஈ-யா’. எதைச் சொன்னாலும் ‘ஈ-யா’ என்று கத்தும் கழுதையை நான்காம் பாகத்தில் கொண்டுவந்து, எல்லோரையும் அதன் முன் மண்டியிட வைத்துக் கேலி செய்கிறார். எல்லாவற்றையும் மெல்லுவதும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் வாழ்வுக்குச் சொல்லும் ஆம் இல்லை. கூட்டத்தில் யாராவது, “அப்படியானால் அநியாயத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாரா?” என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். கழுதையை அப்போது வெளியே விடுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லலாம்: பின்னாளில் தன்னைப் பற்றி எழுதிய நூலில், மீள்வருகைக்குத் தன்னுடைய ஆழமான ஆட்சேபமே தன் அம்மாவும் தங்கையும்தான் என்று எழுதினார். அறை சிரிக்கும். அவருக்கே தொண்டையில் சிக்கிய இடம் இருந்தது என்பதும் சிரிப்போடு உள்ளே போய்விடும்.

தொண்டை என்றதும் இடையன் ஞாபகம் வருகிறான். குள்ளன் வரும் அதே அத்தியாயத்தில், ஓர் இளம் இடையன் மண்ணில் புரள்கிறான். தூக்கத்தில் வாய்க்குள் புகுந்த கரும்பாம்பு தொண்டையைக் கடித்துப் பிடித்துத் தொங்குகிறது. ஜரதுஷ்ட்ரா பாம்பைப் பிடித்து இழுக்கிறான், இழுக்கிறான். வரவில்லை. அப்போது அவனுக்குள்ளிருந்து ஒரு குரல் கத்துகிறது: கடி! தலையைக் கடித்துத் துப்பு! இடையன் கடிக்கிறான், துப்புகிறான், எழுந்து சிரிக்கிறான். நான் அந்த அம்மாவிடம் செய்தது பாம்பைப் பிடித்து இழுத்த வேலை. வெளியிலிருந்து இழுத்தால் வராது. ஆனால் கத்தலாம் என்கிறாரே நீட்சே, அது நமக்கு அனுமதியா? எனக்குச் சந்தேகம்தான். அந்த இடையன் யார் என்பதைப் பிறகு சொல்கிறார்: அது ஜரதுஷ்ட்ராவேதான். தன்னைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறான்.

உங்கள் முன்வரிசைக்காரருக்காக இன்னொருவரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்றில்லை. ஜான் அமெரி என்ற எழுத்தாளர், 1912-ல் வியன்னாவில் பிறந்தவர். 1943-ல் பெல்ஜியத்தின் பிரேண்டோங்க் கோட்டையில் நாஜிகளால் சித்திரவதை செய்யப்பட்டவர், பிறகு ஆஷ்விட்ஸ் வதைமுகாம். 1966-ல் வந்த கட்டுரைத் தொகுப்பில், நீட்சே இகழ்ந்த அதே வன்மத்தை வேண்டுமென்றே தன் கையில் எடுத்தார். காலம் காயத்தை ஆற்றும் என்பது உடம்பின் இயற்கை, அதற்கு உடன்பட மறுப்பது மனிதனின் உரிமை, நடந்தது நடந்ததுதான் என்ற வாக்கியம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அறத்துக்கு அது எதிரி என்று வாதாடினார். நீட்சே தோற்கும் இடம் இதுதான் என்று சில வருடம் நினைத்திருந்தேன். இன்று அப்படியும் அடித்துச் சொல்ல மாட்டேன். இருவரும் ஆறுதலைத் தொடுவதில்லை. இருவரும் ‘நான்’ என்று தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு மேல் அவர்களைக் கைகுலுக்க வைக்க எனக்குத் தெரியவில்லை, நீங்களும் முயல வேண்டாம். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு ஒருவர் கௌரவமாக அந்த அறையில் உட்கார்ந்திருக்க இடம் இருக்க வேண்டும். அவ்வளவு போதும்.

நடைமுறைக்கு வருகிறேன். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அவருக்குப் போன் செய்யுங்கள். எந்தப் பத்தியைப் படிக்கப்போகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். வராமல் இருந்தாலும் சரி, வந்து பேசாமல் இருந்தாலும் சரி என்று தெரியப்படுத்துங்கள். அன்று பத்தியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்து, இரண்டு பேரை வைத்து இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். தன் எழுத்தைப் படிக்க அசைபோடத் தெரிய வேண்டும், அதற்குக் கிட்டத்தட்டப் பசுவாக இருக்க வேண்டும் என்று 1887 நூலின் முன்னுரையில் எழுதியவர் அவர். அந்த மௌனம் அசைபோடத்தான். பிறகு, “உங்கள் வாழ்க்கை திரும்பி வந்தால் சம்மதமா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகாதீர்கள். ஊக்கப் பேச்சாளர்கள் அதைச் செய்கிறார்கள். பேய் தனிமையில்தான் வந்தது, பதிலும் தனிமையில்தான் கிடைக்கும்.

ஒருவேளை அவரே, “என் மகன் செத்த நாளையும் சேர்த்தா?” என்று கேட்டுவிட்டால்? “நீட்சே தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல ஆசைப்பட்டார். உங்களைப் பற்றிச் சொல்ல அவருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை” என்று சொல்லுங்கள். அந்தப் பத்தியில் ஒவ்வொரு வலியும் திரும்பும் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை, ஒவ்வொரு சந்தோஷமும் என்றும் இருக்கிறது. அந்த நாள் திரும்பினால் அந்தப் பையனும் திரும்பி வருகிறான், முதல் நாள் அழுகையிலிருந்து. ஒரே ஒரு இன்பத்துக்கு ஆம் சொன்னாலும் எல்லாத் துயரத்துக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்று ஜரதுஷ்ட்ராவின் கடைசிப் பக்கங்களில் வரும். இதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள். தாள் அவர் கையில் இருக்கும், வீட்டுக்கும் எடுத்துப் போவார்.

அன்று அந்த அம்மா கேட்டபோது நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான் என்று இப்போது படுகிறது. “எந்த ராத்திரியைச் சொல்றீங்கம்மா?”